மும்பை (ஹிட்மேன் 2 ஆட்டக்களம்)

மும்பை என்பது ஹிட்மேன் 2 நிகழ்பட ஆட்டத்தில் வரும் ஆட்டக்களங்களுள் ஒன்றாகும். டென்மார்க் நாட்டின் ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கிய இவ்வாட்டம் 2018 நவம்பரில் வெளியானது. 2000-இல் தொடங்கிய ஹிட்மேன் வரிசை, நேருக்கு நேர் மோதாமல் பிறர் கண்ணில் படாது காரியம் முடிக்கும் பதுங்கல் வகையைச் சேர்ந்தது. இது வயது வந்தோருக்கான ஆட்டம்.

கள அமைப்பு

ஆட்ட நாயகனான 47 என்னும் கூலிக் கொலையாளிக்கு இங்கே மூன்று இலக்குகள். திரைப்படத் தயாரிப்பாளர் தாவூத் ரங்கன் கட்டி முடிக்கப்படாத கோபுரத்தில் இருக்கிறார். வன்யா ஷா ரயில் பணிமனைப் பகுதியை ஆள்கிறார். மூன்றாமவரான வசீர் காலேயின் முகம் யாருக்கும் தெரியாது. துப்புகளைச் சேர்த்தே கூட்டத்தில் அவரை அடையாளம் காண வேண்டும். உயரம், காவல், கூட்டம் என ஒவ்வோர் இலக்குக்கும் ஒவ்வொரு வகை அரண் அமைந்துள்ளது.

பார்வைக் கோடு

பதுங்கல் ஆட்டக் களத்தை வடிவமைப்பவர் முதலில் திட்டமிடுவது, யார் எங்கிருந்து எதைப் பார்க்க முடியும் என்பதையே. புதுச்சேரியின் பழைய நகரப் பகுதியில் தெருக்கள் நேர்கோடாக ஓடுவதால், ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியும். அங்கே ஒளிவது கடினம். மும்பைக் களத்தின் சந்துகளோ வளைந்து செல்பவை. சில அடிகளுக்கு அப்பால் நடப்பது தெரியாது. இது ஒளிபவருக்கு உதவும். தேடுபவராக மாறும்போது அவருக்கே இடையூறும் ஆகும்.

கூட்டமும் உடையும்

கூட்டத்துக்குள் கலந்து மறைவதும், பிறர் உடையை அணிந்து தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைவதும் இயலும். ஆனால் அந்த உடைக்குரிய குழுவினரை நன்கு அறிந்த சிலர் ஐயம் கொள்வர். எனவே உடை மாற்றுவது மட்டும் போதாது. யாருக்கு யாரைத் தெரியும் என்பதையும் கவனிக்க வேண்டும். நெரிசலும் உலரும் துணிகளும் சூழலை உணர்த்துவதோடு மறைவிடமாகவும் பயன்படுகின்றன.

ஒப்பீடும் விமர்சனமும்

2016-இல் வெளியான அசாசின்ஸ் கிரீட் குரோனிக்கிள்ஸ்: இந்தியா, 1841-ஆம் ஆண்டின் இந்தியாவைக் களமாகக் கொண்ட பதுங்கல் ஆட்டம். பக்கவாட்டுத் தோற்றத்தில் நகரும் அதில் காவலரின் பார்வை எல்லை திரையிலேயே வரைந்து காட்டப்படும். மும்பைக் களத்தில் அத்தகைய கோடுகள் இல்லை. மனிதரின் நடமாட்டத்தைக் கண்டே ஊகிக்க வேண்டும்.

இக்களம் உண்மையான மும்பையின் வரைபடம் அன்று. குடிசைப்பகுதி, திரைப்படம், குற்றக்கும்பல் ஆகிய மூன்றையே இது பெரிதும் சார்ந்துள்ளது. வெளிநாட்டுப் படைப்புகள் மும்பையைக் காட்டும் பழகிய முறை இதுவே. களத்தின் நுட்பத்தைப் பாராட்டும் மாணவர், அதில் இடம்பெறாத மும்பை எது என்பதையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.