வளைத்த இடத்தில் மட்டும் விறைக்கும் உலோகம்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டைச் செருகுகிறார்கள். எஃகு மாதிரி விறைப்பாக இருந்தால் நல்லதுதானே? எலும்புக்கு ஆகாது!

விறைப்பை அளக்கும் அலகு கிகாபாஸ்கல். எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கு 10 முதல் 30; துருப்பிடிக்காத எஃகுக்கோ சுமார் 200. இரண்டும் ஒட்டி நின்றால், நடக்கும்போது பாரத்தின் பெரும்பங்கை எஃகே வாங்கிக்கொள்ளும். சுமை தாங்கத் தாங்கத்தான் எலும்பு தன்னைத் திடமாக வைத்துக்கொள்ளும் என்று 1892இலேயே எழுதிவிட்டார் ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப். வேலை பறிபோன எலும்பு மெலிகிறது, தண்டு ஆட்டம் காண்கிறது. இதற்குச் 'சுமை மறைப்பு' என்று பெயர்.

டைட்டானியம் இங்கேதான் கைகொடுத்தது; அதன் விறைப்பு எஃகைவிடக் குறைவு. காற்றுப் பட்டதுமே அதன்மேல் ஆக்சைடு படலம் ஒன்று படிந்துவிடும். தலைமுடிப் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது; ஆனாலும் அரிப்பைத் தடுக்க அது போதும். 1950களில் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனேமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றிப்போயிருந்தது.

மருத்துவத்தில் அதிகம் புழங்கும் டைட்டானியக் கலவை, விமானங்களுக்காகப் பிறந்தது. அலுமினியம் 6, வனேடியம் 4 சதவீதம். விறைப்பு 110. எலும்புக்கு இதுவும் அதிகம். போதாக்குறைக்கு, வனேடியம் உடலில் கசிந்தால் என்னாகும் என்ற கவலை வேறு.

விடை அணுக்களின் அடுக்கில் இருந்தது. தூய டைட்டானியத்தில் அணுக்கள் அறுகோணமாக அடுக்கப்பட்டிருக்கும். 882 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கனசதுரமாக மாறும். இந்த அடுக்குக்கு 'பீட்டா' என்று பெயர்; இதில் விறைப்பு குறைவு. உலையில் மட்டும் நிலைக்கும் அந்த அடுக்கை உடல் சூட்டிலும் கலையாமல் நிறுத்தும் வேலையை நியோபியமும் டான்டலமும் செய்கின்றன. ஜப்பானின் மிட்சுவோ நினோமி குழுவினர் நியோபியம் 29, டான்டலம் 13, சிர்க்கோனியம் 4.6 சதவீதம் சேர்த்தார்கள். விறைப்பு சுமார் 60க்கு இறங்கியது. அளவு பிசகினால் 'ஒமேகா' என்ற நுண்படிகங்கள் முளைத்து, விறைப்பு மறுபடி ஏறிவிடும்.

இத்தனைக்குப் பிறகு, முதுகெலும்பு அறுவை மருத்துவர்களுக்கு வேறொரு சிக்கல். முதுகெலும்பைத் தாங்கப் பொருத்தும் கம்பியை, நோயாளியின் முதுகு வளைவுக்கேற்ப அவர்கள் அறுவை மேசை அருகிலேயே வளைக்க வேண்டும். விறைப்பு குறைந்த கம்பியோ கையை எடுத்ததும் பின்னோக்கி நிமிர்கிறது. நோயாளிக்குக் குறைந்த விறைப்பு வேண்டும், மருத்துவருக்கு அதிக விறைப்பு வேண்டும்.

நினோமி குழுவினர் இதற்கும் வழி கண்டார்கள்: 12 சதவீதம் குரோமியம் சேர்த்த டைட்டானியம். அதை வளைத்தால், வளைந்த இடத்தில் மட்டும் ஒமேகா முளைக்கிறது. அதுவரை விரட்டியடித்த அதே ஒமேகாதான்! வளைவு நிமிராமல் நிற்க அது உதவுகிறது. கம்பியின் மற்ற பகுதிகள் விறைப்பு கூடாமல் அப்படியே இருக்கின்றன.