பிராக்கெட்டிங் இல்லாமல் சரியான எக்ஸ்போஷர்

எக்ஸ்போஷர் என்பது படம் பதிவாகும்போது கேமராவின் உணரியில் விழும் ஒளியின் அளவாகும். லென்ஸின் துளை அளவும் ஷட்டர் வேகமும் இதைத் தீர்மானிக்கின்றன. பதிவான ஒளி படத்தில் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதை ஐஎஸ்ஓ எண் முடிவு செய்கிறது. ஒரே காட்சியைக் குறைவாக, நடுத்தரமாக, அதிகமாக எனப் பல அளவுகளில் எடுத்து, சிறந்ததைத் தேர்ந்தெடுப்பது பிராக்கெட்டிங் எனப்படும். அசையாத கட்டடங்களுக்கு இது பொருந்தும். பறக்கும் பறவைக்குப் பொருந்தாது. சிறகு அழகாக விரிந்த அந்த ஒரு படமே தவறான அளவில் பதிவாகிவிடலாம்.

ஒளிமானி தவறும் இடம்

அரியலூர் மாவட்டத்திலுள்ள கரைவெட்டி பறவைகள் காப்பகம் 2024-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இங்கு வருகின்றன. இங்கே, கருத்த நீரின் நடுவே ஒரு வெண்கொக்கு நிற்பதாகக் கொள்வோம். கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும். ஆகவே கருத்த நீரை வெளிறச் செய்யும். கொக்கு இறகு தெரியாத வெள்ளைத் திட்டாகிவிடும். அதே கொக்கு வெளிர்ந்த வானில் பறந்தால், வானத்தைக் கண்டு மானி ஒளியைக் குறைக்கும், கொக்கு மங்கிப்போகும். ஆனால் இரு முறையும் கொக்கின் மீது விழுந்த வெயில் ஒன்றே.

செய்ய வேண்டியது

எனவே மேனுவல் முறையில் அளவை ஒருமுறை நிலைநிறுத்துவது நல்லது. தெளிவான வெயிலுக்கு 'சன்னி 16' விதி உதவும்: எஃப்/16 துளையில் ஐஎஸ்ஓ 400 என்றால் ஷட்டர் வேகம் 1/400 நொடி. இதற்குச் சமமானது எஃப்/8, 1/1600 நொடி. வெண்பறவைக்கு ஒரு படி குறைத்து 1/3200 வைக்கலாம். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் ஒளி குறைவு என்பதால் சோதனைப் படம் ஒன்றெடுத்து ஹிஸ்டோகிராமைப் பார்க்க வேண்டும். வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நின்றால் வெண்மையின் நுணுக்கம் இழக்கப்பட்டது என்று பொருள்; அதை மீட்க இயலாது. இருண்ட பகுதிகளை ரா கோப்பிலிருந்து ஓரளவு மீட்கலாம்.

கங்கைகொண்ட சோழபுரத்தின் விமானத்தை வெளிர்ந்த வானத்தின் முன் எடுக்கும்போது, கல்லின் மீது மட்டும் ஸ்பாட் மீட்டரிங் செய்தால் சிற்பங்கள் கருமையாகாமல் தெரியும்.

எல்லை

பெரம்பலூர் மாவட்டத்தின் இரஞ்சன்குடிக் கோட்டையில் இருண்ட உட்புறத்தையும் வாயிலுக்கு வெளியேயுள்ள வெயிலையும் ஒரே படத்தில் நுணுக்கமாகப் பதிவது கடினம். அங்கு இரண்டில் முக்கியமானதைத் தேர்ந்து அதற்கேற்ப அளவு வைக்க வேண்டும். இரண்டும் தேவையெனில் பிராக்கெட்டிங்கே ஏற்ற வழி.