கேக் ஏன் வேகவில்லை?

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் நம் பங்கு இல்லத்தின் கதவு ஓய்வதில்லை. குடிலுக்கு வைக்கோல் கேட்டு வருவோர், பாடகர் குழுவில் தம் மகளுக்கு இடமில்லையா என்று வழக்குரைக்க வருவோர், ஊர்வரி பாக்கியைப் பொறுத்தருள வேண்டுவோர் எனப் பலர் வருவர். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகையதொரு மாலையில், மாமியும் மருமகளுமாக இருவர் ஒரு தட்டை ஏந்தியவாறு வந்து நின்றனர். தட்டில் ஒரு கேக் இருந்தது. அதன் மேற்புறம் கரிந்திருந்தது. நடுப்பகுதி குழிந்து, உள்ளே மாவு பச்சையாகவே இருந்தது.

"சாமி, நீங்களே பாருங்க. இது மூணாவது கேக்கு. முப்பது முட்டை, ரெண்டு கிலோ முந்திரிப்பருப்பு எல்லாம் பாழ். இவ கைக்குக் கேக்கு வராதுன்னா கேக்க மாட்டேங்கிறா" என்றார் மூத்தவர். இளையவர் ஒன்றும் பேசவில்லை; கண்கள் மட்டும் கலங்கியிருந்தன. கப்பலில் பணிபுரியும் கணவர் விடுமுறையில் வந்தபோது ஆசையோடு வாங்கித் தந்த மின்சார ஓவன் அது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் இருபது வீடுகளுக்குக் கேக் வழங்குவது அக்குடும்பத்தின் வழக்கம். முன்னெல்லாம் மூத்தவர் விறகடுப்பில் மணல் பரப்பிய பாத்திரத்தில் வைத்து, மூடிமேல் தணல் இட்டுச் சுடுவாராம், ஒன்றும் கெட்டதில்லையாம். ஆதலால், கெட்டது மருமகளின் கை என்பதே வீட்டின் தீர்ப்பு. அத்தீர்ப்பு தெருவுக்கும் எட்டிவிட்டிருந்தது.

குருமடம் புகுமுன் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர் நாம். அப்பாடம் மறைவுரைக்கு அதிகம் பயன்பட்டதில்லை, அன்று பயன்பட்டது. "கைப்பக்குவத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் ஓவனைப் பார்ப்போம்" என்று சொல்லி, மறுநாள் காலை அவ்வீட்டுக்குச் சென்றோம்.

ஓவன் என்பது வாசகர் நினைப்பதைவிட எளிய கருவி. மேலே இரண்டு, கீழே இரண்டு எனச் சூடேற்றும் தண்டுகள் இருக்கும். பெரும்பாலான ஓவன்களில் ஒவ்வொரு தண்டின் உள்ளேயும் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிச் சுருள் இருக்கிறது. ஆல்பர்ட் மார்ஷ் என்னும் அமெரிக்கர் 1906-இல் இக்கலவைக்குக் காப்புரிமை பெற்றிராவிடில், நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியும் ரொட்டி வாட்டும் கருவியும் இத்துணை மலிவாகக் கிடைத்திரா. தண்டுகளை அடக்கியாள்வது தெர்மோஸ்டாட். நாம் குமிழைத் திருகிக் குறித்த வெப்பம் வந்ததும் அது மின்சாரத்தை நிறுத்தும். வெப்பம் இறங்கியதும் மீண்டும் விடும். எனவே நல்ல ஓவன்கூட ஒரே வெப்பநிலையில் அசையாது நிற்பதில்லை. குறித்த அளவுக்குச் சற்று மேலும் கீழுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் நோயை அறியும் வழியும் உள்ளது. ஓவனைக் காலியாக மூடி, 180 டிகிரிக்குத் திருகிவிட்டு, கண்ணாடி வழியாகத் தண்டுகளைக் கவனிக்க வேண்டும். பதினைந்து இருபது நிமிடங்களில் அவை அணைந்து, பின் எரிந்து, மீண்டும் அணைந்தால், தெர்மோஸ்டாட் தன் பணியைச் செய்கிறது. அவ்வாறிருந்தும் உள்ளே சூடு போதவில்லையென்றால், தெர்மோஸ்டாட்டின் கணக்கே தவறு. அதற்கு மாறாக, முக்கால் மணி நேரமாகியும் தண்டுகள் ஒருமுறைகூட அணையவில்லையெனில், குறை வெப்பம் பிறக்கும் இடத்தில் இருக்கிறது. அல்லது பிறந்த வெப்பம் எங்கோ வெளியேறுகிறது. முகப்பிலுள்ள சிறு விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். சில ஓவன்களில் அது மின்சாரம் வருவதை மட்டுமே காட்டும்.

அவ்வீட்டில் காலை ஒன்பது மணிக்குச் சோதித்தோம். பதினைந்து நிமிடங்களுக்குள் தண்டுகள் அணைந்தன; குறையொன்றும் காணோம்! மூத்தவர் எம்மைப் பார்த்த பார்வையில், 'நான் அப்போதே சொல்லவில்லையா' என்பது எழுதியிருந்தது. அப்போதுதான் இளையவர் முதன்முறையாக வாய்திறந்தார்: "சாமி, நான் காலைல சுடல. வேலையெல்லாம் முடிச்சுட்டு ராத்திரி ஏழு மணிக்கு மேலதான் சுடுவேன்."

அச்சொல்லில் பாதி விடை கிடைத்துவிட்டது. அன்று இரவு ஏழரை மணிக்கு, ஊரில் மின்பணி செய்யும் இளைஞர் ஒருவரை மல்டிமீட்டருடன் அழைத்துச் சென்றோம். தெருவெங்கும் நட்சத்திர விளக்குகள்; வீடுதோறும் மோட்டார், தொலைக்காட்சி, குளிர்ப்பெட்டி. அவ்வீடோ மின்மாற்றியிலிருந்து செல்லும் கம்பியின் கடைக்கோடியில் இருந்தது. ஓவன் எரிந்துகொண்டிருக்கையில் சுவரிலுள்ள இணைப்பில் அளந்தார்: 186 வோல்ட். ஓவன் செருகப்பட்டிருந்த எக்ஸ்டென்ஷன் பலகையில் அளந்தார்: 180. ஓவனின் தண்டுகள் அப்போதிருந்து அணையவே இல்லை.

நம் நாட்டில் வீடுகளுக்கு வரவேண்டியது 230 வோல்ட். 6 விழுக்காடு ஏறலாம், இறங்கலாம் என்பது விதி. 180 என்பது 230-இல் ஏறக்குறைய முக்கால் பங்கைவிடச் சற்று மிகுதிதானே, வெப்பமும் முக்கால் பங்காவது இருக்குமே என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். தண்டில் பிறக்கும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 180-ஐ 230-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள்: 0.61 கிடைக்கும். 2000 வாட் ஓவன், 1225 வாட் ஓவனாகச் சுருங்கிவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்கு காணாமற்போகிறது.

நேரம் கூடுதலாக வைத்தால் ஈடாகிவிடாதா? ஆகாது. ஓவன் சூடாகச் சூடாக, அதன் மெல்லிய தகரச் சுவர் வழியாகவும் கதவு இடுக்கு வழியாகவும் வெளியேறும் வெப்பமும் கூடிக்கொண்டே போகும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நின்றுவிடும். பிறகு இரவு முழுவதும் வைத்தாலும் ஏறாது.

அப்படியானால் மேற்புறம் கரிந்தது எவ்வாறு? அக்குடும்பத்தைக் குழப்பியது இதுவே. "சூடு போதலைன்னா எப்படிச் சாமி கருகும்?" என்று மூத்தவர் கேட்டது நியாயமான கேள்வி. சரியான ஓவனில் தண்டுகள் பாதி நேரம் எரிந்து பாதி நேரம் ஓய்கின்றன. கேக்கைச் சூழ்ந்த காற்றே அதைப் பெரிதும் வேகவைக்கிறது. வெப்பம் எட்டாத ஓவனிலோ மேல்தண்டு ஓய்வின்றிச் சிவந்து நிற்கிறது. அதன் நேர்க்கதிர், தணல்மேல் காட்டிய அப்பளத்தைப்போல் கேக்கின் முகத்தைச் சுடுகிறது. காற்றோ மந்தமாகவே இருப்பதால் நடுப்பகுதிக்குச் சூடு சென்று சேர்வதில்லை. மாவு இறுகுமுன் அதிலுள்ள காற்றுக் குமிழிகள் வெளியேறிவிட, நடுப்பகுதி அமிழ்ந்துவிடுகிறது. இதைக் கண்டு அஞ்சி, குமிழை 220-க்குத் திருகுவதால் பயன் யாதுமில்லை. 180-ஐயே எட்டாத ஓவனுக்கு 220 என்பது வெறும் எழுத்து.

அந்த எக்ஸ்டென்ஷன் பலகையைப்பற்றி இன்னும் ஒரு சொல். அதன் கம்பியைத் தொட்டோம்; கை சுட்டது. பிளக்கின் ஒரு முனை கறுத்திருந்தது. அங்கே இழந்த 6 வோல்ட் எங்கும் மறைந்துவிடவில்லை; ஏறத்தாழ 40 வாட் வெப்பமாக அம்மெல்லிய கம்பியிலும் தளர்ந்த இணைப்பிலும் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தொங்கியது சன்னல் திரைச்சீலை! 2000 வாட் ஓவன் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 6 ஆம்பியர் இணைப்பும் பல வாய் கொண்ட பலகையும் அதற்கு உரியன அல்ல. 16 ஆம்பியர் இணைப்பு சுவரிலேயே வேண்டும். கேக் கெட்டால் முட்டைதான் நட்டம். இது தீப்பற்றினால் வீடு நட்டம் என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டு வந்தோம்.

எல்லா வீட்டிலும் குறை மின்னழுத்தமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நம் பங்கு இல்லத்து ஓவனில் வேறொரு வேடிக்கை நடந்தது. அதன் உள்சுவரில் பென்சில் பருமனில் ஓர் உலோகக் குழல் உண்டு; தெர்மோஸ்டாட்டுக்கு வெப்பத்தைத் தெரிவிப்பது அதுவே. தட்டைத் திணித்துத் திணித்து, நம் சமையற்காரர் அதை வளைத்துத் தண்டின் அருகே தள்ளிவிட்டிருந்தார். தண்டின் சூட்டை ஓவனின் சூடென்று எண்ணி, அது முன்னதாகவே மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தது. பழைய இடத்தில் பொருத்தியதும் சரியாயிற்று. வேறு சில வீடுகளில் நான்கு தண்டுகளுள் ஒன்று அறுந்திருக்கும்; எரியும்போது பார்த்தாலே தெரியும். சில வீடுகளில் மேல், கீழ் என்று தேர்ந்தெடுக்கும் குமிழ் ஒரு பக்கத்திலேயே நிற்கும். கதவின் சுருள்வில் தளர்ந்து விரலளவு இடைவெளி விட்டிருப்பதும், ஓவனை அடைக்கும் அளவுக்குப் பெரிய தட்டை வைத்துக் காற்றோட்டத்தைத் தடுப்பதும் உண்டு. ஐந்து நிமிடத்துக்கொருமுறை கதவைத் திறந்து பார்க்கும் ஆவலுக்கு மட்டும் எந்த மின்பணியாளரிடமும் மருந்து இல்லை.

ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி கடைகளில் கிடைக்கிறது. நடுத்தட்டில் வைத்து, அரைமணி சென்றபின் கதவைத் திறவாமல் நாலைந்து முறை பார்த்துச் சராசரி எடுத்தால் உண்மை தெரியும். அது இல்லாதோர் சர்க்கரையைக் கொண்டே சோதிக்கலாம். சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். ஓவனை 175-க்கு நன்கு சூடாக்கி, ஒரு கரண்டி சர்க்கரையைச் சிறு உலோகக் கிண்ணத்தில் பதினைந்து நிமிடம் வைத்தால் அது உருகலாகாது. புதிய சர்க்கரையை இட்டு 190-இல் அவ்வாறே வைத்தால் உருக வேண்டும். 190-இலும் மணல்போல் கிடந்தால் ஓவன் பொய் சொல்கிறது. தெர்மோஸ்டாட்டைத் திருத்துவது மின்பணியாளரின் வேலை. ஆனால் எத்தனை டிகிரி குறைகிறது என்று அறிந்தவர், அத்தனை டிகிரி கூட்டி வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம்.

ஆண்டுக்கொருமுறை மட்டும் ஓவனை எடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை. தண்டினுள் கம்பியைச் சூழ்ந்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடி ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கடற்கரை ஊர்களில் கேட்க வேண்டியதில்லை. அதனால் சுவிட்சைப் போட்டதும் வீட்டின் மின்கசிவுத் தடுப்பான் விழுந்துவிடலாம். அப்போது சிலர் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு ஓவனை இயக்குவதை நாம் கண்டிருக்கிறோம். உலோக உடல் கொண்ட கருவியில் அது உயிரைப் பணயம் வைக்கும் செயல். மின்பணியாளரை அழைத்துக் கசிவைச் சரிபார்த்த பின்னரே இயக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்துக்கு வருவோம். சுவரில் புதிய இணைப்பு பொருத்தப்பட்டது. கம்பியின் கடைக்கோடியில் இருப்பதற்கு உடனடி மாற்று இல்லை. குளிர்ப்பெட்டிக்கு வைத்திருந்த சிறு ஸ்டெபிலைசரில் ஓவனைச் செருகலாமா என்று கேட்டார்கள், அது தாங்காது என்று தடுத்தோம். மின்னழுத்தம் குறைவதைக் குறித்து, நாளும் நேரமும் அளவும் எழுதி, மனுவொன்றைத் தெருவார் கையொப்பத்துடன் கொடுக்கச் செய்தோம். கேக் சுடுவதை விடியற்காலை நான்கரை மணிக்கு மாற்றிக்கொண்டார்கள். அவ்வேளையில் அங்கே 224 வோல்ட் இருந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கேக் நமக்கும் வந்தது. மூத்தவரே கொண்டுவந்தார். நடுவில் கத்தி விட்டுப் பார்த்தோம், மாவு ஒட்டவில்லை. "மருமக சுட்டது சாமி" என்றார். பின்பு, படியிறங்குமுன் திரும்பி நின்று, "சர்க்கரைக் கிண்ணத்த வச்சுப் பாத்தது நானாக்கும்" என்றார்.