இளம் வாசகருக்கான படக்கதை நூல்களைத் தெரிவு செய்தல்

தமிழில் படக்கதை புதியதன்று. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா ஓவியங்களுடன் கதை சொன்னது. 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யைத் தந்தது. 1996இல் சென்னையில் தோன்றிய தூலிகா பதிப்பகம் இருமொழிப் படநூல்களை வெளியிட்டது. எனினும், வீட்டில் ஆங்கிலமே மிகுதியாகப் பேசும் சிங்கப்பூர்ச் சிறாருக்கு எத்தகைய நூலைத் தருவது என்பதே ஆசிரியர்முன் நிற்கும் வினா.

நாம் மூன்று கூறுகளை நோக்குதல் வேண்டும். முதலாவது, படத்துக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு. படம் காட்டுவதையே சொல்லும் மீண்டும் கூறினால், குழந்தை படத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லைக் கடந்து சென்றுவிடும். சொல்லின்றி நிறைவுறாத படமே வாசிக்கத் தூண்டும். இரண்டாவது, மொழிநடை. சிறுவன் ஒருவனின் பேச்சுக்குமிழில் 'வந்துவிட்டேன்' என்பதைவிட 'வந்துட்டேன்' என்பதே இயல்பாகும். எடுத்துரைப்பு எழுத்துத்தமிழிலும் உரையாடல் பேச்சுத்தமிழிலும் அமைந்த நூல், இரட்டை வழக்கை இலக்கண விளக்கமின்றியே உணர்த்திவிடும். மூன்றாவது, அச்சமைப்பு. புணர்ச்சியால் நீண்ட சொற்களும் நெருக்கமான சிற்றெழுத்துகளும் தொடக்கநிலை வாசகரைச் சோர்வுறச் செய்யும்.

நீதி புகட்டுதல் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோமாயின், நூல் அலமாரியிலேயே தங்கிவிடும். ஆகவே, வாங்குமுன் ஒரு பக்கத்தை மாணவர் ஒருவரிடம் தந்து வாய்விட்டு வாசிக்கச் செய்வோம். வாசித்து முடித்ததும் அவர் தாமாகவே அடுத்த பக்கத்தைப் புரட்டினாரெனின், அதுவே ஏற்ற நூலாம்.