தேடி வருபவளின் கண்ணில் முதலில் படுவது எது?

இன்று சிறிய மாதர் சங்கங்கள் கூடத் தமக்கென ஓர் இணையத்தளம் வேண்டுமென விரும்புகின்றன. வரவேற்க வேண்டிய விடயந்தான். ஆனால், படங்களுக்கும் நிறங்களுக்கும் செலவிடும் நேரத்தில் கால்வாசியைக் கூட, பக்கத்தின் மேலே வரிசையாக நிற்கும் அந்த ஐந்தாறு சொற்களுக்கு எவரும் செலவிடுவதில்லை. 'மெனு' என்று நாம் சொல்லும் அந்த வரிசைதான், உள்ளே என்ன இருக்கிறது என்பதை வருபவருக்குச் சொல்கிறது.

எங்கள் பகுதிச் சங்கமொன்றின் இணையத்தளத்தைச் சீர்செய்து தருமாறு என்னிடம் கேட்டிருந்தார்கள். முகப்பு, வரலாறு, நோக்கம், நிர்வாகக் குழு, செயற்றிட்டங்கள், நிகழ்வுகள், படத்தொகுப்பு, தொடர்புகளுக்கு என எட்டுத் தலைப்புகள் இருந்தன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறுவது எப்படி என்று நன்றாக எழுதப்பட்ட பக்கமொன்றும் இருந்தது. எங்கே தெரியுமா? 'செயற்றிட்டங்கள்' என்பதற்குள் 'சட்டப் பிரிவு', அதற்குள் 'வெளியீடுகள்', அதற்கும் உள்ளே. அடி வாங்கிய ஒரு பெண், தனக்கான உதவி 'செயற்றிட்டங்கள்' என்ற சொல்லுக்குள் இருக்கும் என்று எப்படி ஊகிப்பாள்? அது சங்கத்தின் கோப்பு அலுமாரிக்கு ஏற்ற ஒழுங்கு. தேடி வருபவளுக்கு ஏற்றதல்ல.

மூன்று தடவைக்கு மேல் அழுத்த வைத்தால் ஆட்கள் போய்விடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். 2003இல் ஜோசுவா போர்ட்டர் வெளியிட்ட ஆய்வு அப்படிக் காட்டவில்லை. எத்தனை தடவை அழுத்தினோம் என்பதைவிட, 'நான் சரியான பக்கம்தான் போகிறேன்' என்ற நம்பிக்கையை ஒவ்வொரு சொல்லும் தருகிறதா என்பதே முக்கியம்.

ஆகவே, கணினியைத் தொடுவதற்கு முன்னர் கடதாசி மட்டைகளை எடுத்தோம். ஒவ்வொரு பக்கத்தின் விடயத்தையும் ஒவ்வொரு மட்டையில் எழுதி, கூட்டத்துக்கு வந்த பெண்களிடம் கொடுத்து, ஒன்றோடொன்று சேருபவற்றை அடுக்கச் சொன்னோம். பின்னர் ஒவ்வோர் அடுக்குக்கும் அவர்களையே பெயர் வைக்கச் சொன்னோம். 'வாழ்வாதார மேம்பாடு' என்று நாங்கள் எழுதியிருந்ததை அவர்கள் 'கடனும் தொழிலும்' என்றார்கள். சட்டப் பக்கத்துக்கு ஒரு தாய் வைத்த பெயர் 'வீட்டில் பிரச்சினையா?' என்பது. இதைவிட நல்ல தலைப்பை நான் எங்கிருந்து கொண்டு வருவேன்?

பெயர்கள் கிடைத்துவிட்டால் மீதி வேலை இலகுவானது. பலரும் பாவிக்கும் வேர்ட்பிரஸில் 2010இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து மெனுவை நாமே அமைக்கலாம். 'அப்பியரன்ஸ்' என்பதன் கீழ் 'மெனுஸ்' இருக்கும். (2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்புக்குப் பிந்திய புதிய வகை வடிவமைப்புகளில் இந்த வேலை 'எடிட்டர்' பகுதிக்குள் நடக்கும்.) இடப்பக்கப் பட்டியலில் வேண்டிய பக்கங்களைத் தெரிவுசெய்து சேர்த்து, மேலும் கீழும் இழுத்து வரிசைப்படுத்தலாம். ஒன்றைச் சற்று வலப்பக்கமாக இழுத்துவிட்டால் அது மேலுள்ளதன் உட்தலைப்பாகிவிடும். பக்கத்தின் தலைப்பு நீளமாக இருந்தாலும் மெனுவில் வேறொரு குறுகிய பெயரைக் கொடுக்கலாம். தமிழில் இது மிகவும் உதவும். நம் சொற்கள் நீண்டவை, வரிசை இரண்டாக உடைந்துவிடும். மெனு எந்த இடத்தில் தோன்ற வேண்டும் என்பதையும் குறித்துச் சேமிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் எவ்வளவு பாடுபட்டு அடுக்கினாலும் தளத்தில் தெரியாது. புதிய பக்கங்களைத் தானாகவே மெனுவில் சேர்க்கும் தெரிவு ஒன்றும் உண்டு. அதைத் தொடாதிருப்பதே நல்லது என்பேன்.

நம் பெண்களில் பெரும்பாலானோர் தளத்தைப் பார்ப்பது கைத்தொலைபேசியில். அங்கே மெனு மூன்று கோடுகளுக்குள் ஒளிந்துவிடுகிறது. 1981இல் வந்த செரொக்ஸ் ஸ்டார் கணினிக்காக நோர்ம் கொக்ஸ் வரைந்த குறியீடு அது. இளம் பிள்ளைகளுக்குப் பழக்கம்; என் பெரியம்மாவுக்கு அது வெறும் மூன்று கோடு. பக்கத்தில் 'மெனு' என்று எழுதிவிட்டால் போதும். சுட்டியை மேலே கொண்டு போனால் மட்டும் விரியும் உட்தலைப்புகளையும் தவிர்க்க வேண்டும். கைத்தொலைபேசியில் சுட்டி ஏது?

மொழித் தெரிவுக்குக் கொடிகளைப் போடாமல், சிங்களத்தைச் சிங்கள எழுத்திலும் தமிழைத் தமிழ் எழுத்திலும் எழுத வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு, 'தமிழ்' என்பதை ஆங்கில எழுத்தில் காட்டுவதால் என்ன பயன்?

பெண்களுக்கான 1938 உதவி இலக்கத்தை மெனுவிலேயே வைத்தோம். இணைப்பில் 'டெல்' என்ற ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலும், அதன்பின் முக்காற்புள்ளியும் இலக்கமும் இட்டால், தொட்டதும் அழைப்புக்குப் போகும். கணவனும் எடுத்துப் பார்க்கும் தொலைபேசியாயின் அழைப்பின் பதிவு அதில் இருக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதினோம். சட்டப் பக்கத்தில் 'உடனே வெளியேறு' என்ற பொத்தானும் உண்டு. பிரித்தானிய அரசின் இணைய வடிவமைப்புத் தொகுப்பில் 2023இல் சேர்க்கப்பட்ட முறை அது. அழுத்தியதும் காலநிலைப் பக்கம் போன்ற சாதாரணமான ஒன்று திறக்கும். ஆனால் பார்த்த பக்கங்களின் பட்டியலை அது அழிக்காது. அதைக் கையாலேயே அழிக்க வேண்டும்.

நிர்வாகக் குழுவை எங்கே காணவில்லை என்று தலைவி அக்கா கேட்டார். வரலாறு, நோக்கத்தோடு சேர்த்து 'எம்மைப் பற்றி' என்பதற்குள் வைத்ததைக் காட்டினேன். பிறகு, தளத்தை ஒருபோதும் பார்த்திராத ஒரு சகோதரியிடம் தொலைபேசியைக் கொடுத்து, பாதுகாப்புக் கட்டளை பற்றிய பக்கத்தைத் தேடச் சொல்லிவிட்டு நாங்கள் எல்லோரும் வாய் பேசாமல் இருந்தோம். இரண்டாவது தொடுகையில் எடுத்துவிட்டார்.