தோள் வலிக்காத பேஸ் கிட்டார் செய்யலாமா?

மாணவர்களே, உங்கள் பள்ளி இசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஒத்திகை முடிந்ததும் அவர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருப்பார். நான்கு, ஐந்து கிலோ எடையை ஒரு வாரில் மாட்டி ஒரு மணி நேரம் நின்றால் யாருக்கும் தோள் வலிக்கத்தான் செய்யும்.

"இலேசான மரத்தில் உடலைச் செய்துவிட்டால் போதாதா?" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால், எடையைக் குறைத்தால் ஒரு புதுச் சிக்கல் முளைக்கும். அது என்ன என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

கழுத்து ஏன் நீளம்?

இளையராஜா பாடல்களில் மெட்டுக்கு அடியில் தனியாக நடந்துகொண்டே இருக்கும் ஆழ்ந்த ஒலியைக் கேட்டிருப்பீர்கள். அதுதான் பேஸ் கிட்டார். சாதாரண கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியோ 41 முறைதான் அதிரும். தந்தி மெதுவாக அதிர வேண்டுமானால் அது நீளமாகவும் கனமாகவும் இருக்கவேண்டும். அதனால்தான் சாதாரண கிட்டாரில் சுமார் 65 செ.மீ. இருக்கும் தந்தி, பேஸ் கிட்டாரில் 86 செ.மீ. இருக்கிறது. தந்தி நீண்டால் கழுத்தும் நீளும். தடித்த தந்திகளை முறுக்கப் பெரிய சுருதித் திருகுகளும் வேண்டும். அவை கழுத்தின் கடைசி முனையில் உட்கார்ந்திருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடல் ஏன் இலேசாக இருக்கலாம்?

தஞ்சாவூர் வீணையின் குடத்தைப் பலா மரத்தில் குடைந்து செய்கிறார்கள். தந்தியின் அதிர்வைப் பெருக்கி நம் காதுக்குக் கொண்டுவருவது அந்தக் குடமே. அங்கே உடல்தான் ஒலிபெருக்கி.

அமெரிக்காவின் லியோ பெண்டர் 1951-இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' வேறு வழியில் போனது. அதன் உடல் குடைவில்லாத கட்டை. தந்திகளுக்கு அடியில் காந்தமும் செம்புக் கம்பிச்சுருளும் உள்ளன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். ஒலியைப் பெருக்கும் வேலையை மின்கருவி ஏற்றுக்கொள்வதால், உடலின் முக்கிய வேலை தந்திகளின் இழுப்பைத் தாங்குவது. அந்த இழுப்பு சிறியதல்ல. நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கின்றன. ஓர் ஆள் தொங்குவதைப் போல!

நம் ஊர் மரங்கள் இரண்டு

சித்தியவானில் நம் தாத்தா பாட்டிகள் பால் சீவிய ரப்பர் மரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1877-இல் பேராவின் கோலகங்சாரில் நட்ட கன்றுகள் நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரங்களில் சேர்ந்தவை. பால் குறைந்த மரத்தை 25, 30 ஆண்டுகளில் வெட்டிவிடுவார்கள். ஒரு காலத்தில் அது விறகாகத்தான் போனது. அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் வந்துவிடும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி உலர்த்தும் முறை வந்தபிறகு, அதே விறகு நாற்காலியாகவும் மேசையாகவும் ஏற்றுமதியாகிறது.

இரண்டாவது, நம் காட்டு மரமான ஜெலுத்தோங். இதுவும் பால் வடிக்கும் மரமே. அந்தப் பாலில் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். மரம் மென்மையானது, நேரான இழை கொண்டது. பென்சிலுக்கும் அச்சு மாதிரிகள் செதுக்குவதற்கும் உதவும்.

உலர்ந்த ரப்பர் மரத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோ. ஜெலுத்தோங் சுமார் 460 கிலோ. மாதிரி விமானம் செய்யப் பயன்படும் பால்சா சுமார் 160 கிலோ.

கணக்குக்கு வருவோம்

கிட்டார் உடலின் கன அளவை 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ரப்பர் மர உடல் 3 கிலோ, ஜெலுத்தோங் உடல் 2.3 கிலோ, பால்சா உடல் 0.8 கிலோ. "பால்சாவே போதும்" என்கிறீர்களா? பொறுங்கள்.

தோள்வார் கிட்டாரை இரண்டு இடங்களில் பிடிக்கிறது. ஒன்று உடலின் மேல் கொம்பு முனை. மற்றொன்று உடலின் அடிமுனை. ஈர்ப்பு மையம் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கவேண்டும். அது கொம்பைத் தாண்டிக் கழுத்துப் பக்கம் போய்விட்டால், கழுத்து தரையை நோக்கிச் சாயும்.

கொம்பு முனையை ஆதாரப் புள்ளியாக வைத்து, பள்ளியில் 'மோமென்' என்று படிக்கும் திருப்புத்திறனைக் கணக்கிடுவோம். கழுத்தும் திருகுகளும் 1.3 கிலோ, அவற்றின் எடை 30 செ.மீ. தொலைவில் செயல்படுகிறது என்போம். 1.3 × 30 = 39. மறுபக்கம் உடலும், பிக்கப் முதலிய பாகங்களுக்காக அரை கிலோவும். இவை 25 செ.மீ. தொலைவில்.

ரப்பர் மரம்: 3.5 × 25 = 87.5. உடல் பக்கம் எளிதாக வெல்கிறது.
ஜெலுத்தோங்: 2.8 × 25 = 70. இன்னும் பாதுகாப்புதான்.
பால்சா: 1.3 × 25 = 32.5. இது 39-ஐவிடக் குறைவு. கழுத்து சாய்ந்துவிடும்!

சாயும் கழுத்தை வாசிப்பவரின் இடது கைதான் தூக்கிப் பிடிக்கவேண்டும். தந்தியை அழுத்தவேண்டிய கை சுமை தூக்கும் கையாகிவிடும். தோள் வலி போய் மணிக்கட்டு வலி வந்ததுதான் மிச்சம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

உடலைக் குறைப்பதோடு நிற்காமல், கழுத்து முனையின் எடையையும் குறைக்கவேண்டும். சுருதித் திருகுகளில் மொத்தம் 200 கிராம் குறைந்தால், அந்த 200 கிராம் கொம்பிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் பலன் பெரிது. நெட் ஸ்டெயின்பெர்கர் 1980 வாக்கில் தலையே இல்லாத பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். திருகுகள் உடலின் அடிமுனைக்குப் போய்விட்டன. கொம்பை இன்னும் நீளமாகச் செய்வதும் ஒரு வழி.

இன்னொரு கவலை வலிமை. மென்மையான மரத்தில் திருகாணி நெடுநாள் பிடிக்காது. அதனால் கழுத்து பொருந்தும் இடத்திலும், தந்திகளைத் தாங்கும் குதிரை அமரும் இடத்திலும் ரப்பர் மரத்தைப் பதித்து, மற்ற இடத்தில் ஜெலுத்தோங் வைக்கலாம். கால் பங்கு ரப்பர் மரம், முக்கால் பங்கு ஜெலுத்தோங் என்றால் உடல் சுமார் 2.5 கிலோ. முழு ரப்பர் மர உடலைவிட அரை கிலோ குறைவு. கழுத்தும் சாயாது, திருகாணியும் கழராது.

நீங்களே செய்து பாருங்கள்

தளவாடக் கடையில் வீசப்படும் மரத்துண்டுகள் இரண்டு, மூன்று வாங்கி வாருங்கள். நீளம், அகலம், உயரம் அளந்து கன அளவைக் காணுங்கள். சமையலறைத் தராசில் நிறுங்கள். எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். எது ரப்பர் மரமாக இருக்கலாம் என்று ஊகியுங்கள். மரத்தை அறுக்கவோ தேய்க்கவோ வேண்டியிருந்தால் முகக்கவசம் அணியுங்கள். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பிறகு நண்பரின் கிட்டாரைக் கேட்டு வாங்கி, துண்டு சுற்றிய நாற்காலி முதுகில் குறுக்காக வைத்து, எந்த இடத்தில் அது சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். அதுதான் ஈர்ப்பு மையம். அங்கிருந்து கொம்பு முனை எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறது என்று அளந்தால், அந்தக் கிட்டார் கழுத்தைச் சாய்க்குமா, சாய்க்காதா என்பதை வாசிக்காமலேயே சொல்லிவிடுவீர்கள்.