பிளாக் டிக்கெட்: ஏமாந்தவருக்கு உள்ள வழிகளும் இல்லாத சட்டமும்

2024 செப்டம்பர் 22 அன்று கோல்டுபிளே இசைக்குழுவின் மும்பை நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்பனை தொடங்கியது. விலை 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய் வரை. லட்சக்கணக்கானோர் ஆன்லைன் வரிசையில் காத்திருக்க, டிக்கெட்டுகள் சீக்கிரமே தீர்ந்துபோயின. வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்ப, வேறு தளங்களில் அதே நிகழ்ச்சிக்கு ஒரு டிக்கெட் லட்ச ரூபாய்க்கு மேல் விலைபேசப்பட்டது. மறுமாதம் சோதனை நடத்திய அமலாக்கத் துறை, இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம் வழியே போலி டிக்கெட்டுகளும் விற்கப்பட்டதாக அறிவித்தது.

ஆன்லைன் டிக்கெட் விற்பனைக்கு நெறிமுறை வேண்டும் என்று தொடரப்பட்ட பொதுநல வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. சட்டம் இயற்றுவது சட்டமன்றத்தின், அரசின் வேலை. அதை நீதிமன்றம் செய்ய முடியாது என்பதே காரணம். சிக்கலின் வேர் இதுதான். டிக்கெட் மறுவிற்பனைக்கென்று நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. சேப்பாக்கத்தில் ஐபிஎல் நடக்கும்போது பிளாக்கில் விற்பவர்களைப் போலீஸார் மைதானத்துக்கு வெளியே பிடிக்கிறார்கள். செல்போனுக்குள் நடக்கும் வியாபாரம் அந்தக் கைகளுக்கு எட்டுவதில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? அயர்லாந்து 2021-இல் தெளிவான சட்டம் கொண்டுவந்தது. ஆயிரம் பேரோ அதற்கு மேலோ கொள்ளும் அரங்குகளில் நடக்கும், சட்டத்தின் வரம்புக்குள் வரும் நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட்டை முதல் விலைக்கு மேல் விற்றால் ஒரு லட்சம் யூரோ வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டுவரை சிறை. டோக்கியோ ஒலிம்பிக்கை எதிர்பார்த்திருந்த ஜப்பான், 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் ஓராண்டுச் சிறை அல்லது பத்து லட்சம் யென் அபராதம் வரை வைத்தது. டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளும் தானியங்கி மென்பொருள்களை அமெரிக்கா 2016-இல் தடைசெய்தது. இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி விற்பது 1994 முதலே குற்றம். அங்கே கவலை விலையைப் பற்றியது மட்டுமல்ல. எதிரெதிர் அணி ரசிகர்களைத் தனித்தனியே உட்காரவைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு குலைந்துவிடக் கூடாது என்பதும்தான்.

தடை மட்டும் போதாது. காய்ச்சலில் படுத்தவர், திடீரென வெளியூர் போகவேண்டியவர் நியாயமாகத் தம் டிக்கெட்டைக் கைமாற்ற ஒரு வழி வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமைப்பாளர்களே மறுவிற்பனைத் தளம் நடத்தினார்கள். அப்படி ஒரு வழியைத் திறக்காமல் கதவை மட்டும் அடைத்தால் லாபம் புரோக்கருக்கே.

சட்டம் வரும்வரை வாங்குபவர்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. ஒரே கியூஆர் கோடை ஐந்து பேருக்கு ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பிப் பணம் பறிக்க முடியும். முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே போவார், மற்ற நால்வர் வாசலிலேயே நிற்பார்கள். டிக்கெட் அசலாகவே இருந்தாலும் ஆபத்து தீராது. மறுவிற்பனை கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தால், அமைப்பாளர் அதை ரத்து செய்யக்கூடும்.

ஏமாந்தது தெரிந்த உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் முடக்கிவைக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். யுபிஐ பரிவர்த்தனை எண், விற்றவரின் செல்போன் எண், உரையாடல், விளம்பரம், அனுப்பிய டிக்கெட் எதையும் அழிக்காதீர்கள். போலி டிக்கெட் விற்பது மோசடி; பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு அதற்குப் பொருந்தும். பிளாக்கில் வாங்கப்போய் மாட்டிக்கொண்டோமே என்று கூச்சப்பட்டு ஒதுங்குவோர் ஏராளம். அந்த மௌனமே மோசடிக்காரருக்குப் பெரிய பாதுகாப்பு.

விற்பனைத் தளமோ அமைப்பாளரோ தவறு செய்திருந்தால் நுகர்வோர் சட்டம் துணைக்கு வரும். விலை கொடுத்து வாங்கிய இருக்கை கிடைக்காதது, ரத்தான நிகழ்ச்சிக்குப் பணம் திரும்பாதது போன்றவை சேவைக் குறைபாடுகள். முதலில் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் சொந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஒரே ஒரு டிக்கெட்டை விற்ற தனிநபரை இந்தச் சட்டத்தில் வணிகராக இழுப்பது கடினம். அவர் ஏமாற்றியிருந்தால் போலீஸ் புகாரே வழி.

அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 33-ஆவது இனமாக விளையாட்டும் பொழுதுபோக்கும் இருக்கின்றன. டெல்லிக்காகக் காத்திருக்காமல் தமிழ்நாடு சட்டமன்றமே டிக்கெட் மறுவிற்பனைக்குச் சட்டம் இயற்றலாம். தொகுதிக்கு வரும் சட்டமன்ற உறுப்பினரிடம் ரசிகர்கள் இதைக் கேட்க வேண்டும்.